கோடு முட்டியதா, முட்டிய மாதிரி தெரிகிறதா?

கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருளைப் பழகிய புதிதில் ஸ்னாப்பை (கர்சரைப் பக்கத்துப் புள்ளியோடு ஒட்டவைக்கும் வசதி) அணைத்து வைத்துவிட்டுத்தான் வரைவேன். கர்சர் என் பேச்சைக் கேட்காமல், காந்தம் இழுத்த மாதிரி பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு புள்ளிக்குத் தாவுவது எரிச்சலாக இருந்தது. அதற்குப் பதிலாகச் சுவரின் மூலையை நன்றாக ஜூம் செய்து, கண்ணுக்குக் கச்சிதமாகப் படுகிற இடத்தில் க்ளிக் செய்வேன். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அந்தச் சுவருக்குள் ஹேட்ச் (மூடிய எல்லைக்குள் கோடுகளால் நிரப்புவது) போடப் போனால்தான் வினை. எல்லை மூடவில்லை என்று மென்பொருள் கையை விரித்துவிடும், எங்கே மூடவில்லை என்று தேடியே பாதி நாள் போய்விடும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 20 மீட்டர் அகலமுள்ள ஒரு வரைபடம் திரையில் 2000 பிக்ஸலை நிரப்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிக்ஸல் என்பது 10 மில்லிமீட்டர். மவுஸை எவ்வளவு நிதானமாக நகர்த்தினாலும் அந்த 10 மில்லிமீட்டருக்குள் எங்கே நிற்கிறோம் என்பது நம் கையில் இல்லை. சரி, 100 மடங்கு ஜூம் செய்கிறோம், இப்போது ஒரு பிக்ஸல் 0.1 மில்லிமீட்டர். பிழை சிறுத்திருக்கிறது, ஆனால் ஒழியவில்லை. ஆட்டோகேட் கோப்பில் இருப்பதோ படம் அல்ல, வெறும் எண்கள். ஒவ்வொரு புள்ளியின் எக்ஸ், ஒய் மதிப்பும் 64 பிட் தசம எண்ணாக, ஏறத்தாழ 15 இலக்கத் துல்லியத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு 3000 வேறு, 3000.04 வேறு.

ஸ்னாப் செய்கிற வேலை இந்த இடத்தில்தான். கர்சரைச் சுற்றிச் சில பிக்ஸல் அகலத்தில் ஒரு கட்டம் இருக்கிறது (கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருப்பார்கள், வேண்டுமானால் தெரியவைக்கலாம்). மவுஸ் நகர நகர, அந்தக் கட்டத்துக்குள் எந்தெந்தக் கோடு, எந்தெந்த வட்டம் விழுகிறது என்று மென்பொருள் பார்த்துக்கொண்டே வரும். விழுந்தவற்றின் முனை, நடுப்புள்ளி, மையம் என்று நாம் கேட்டு வைத்திருக்கிற புள்ளிகளில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதன்மேல் ஒரு குறி தோன்றும்: முனைக்குச் சதுரம், நடுவுக்கு முக்கோணம், மையத்துக்கு வட்டம். க்ளிக் செய்த நொடியில் மவுஸ் சொன்ன எண் குப்பைக்குப் போகிறது. ஏற்கெனவே கோப்பில் இருக்கிற எண் அப்படியே புதுக் கோட்டுக்கு வந்துவிடுகிறது. கர்சர் தாவுவது நமக்குக் காட்டுவதற்காக மட்டும்தான், உள்ளே நடப்பது எண்ணைப் பார்த்து எழுதுவது.

இந்த யோசனை ஆட்டோகேடுக்கெல்லாம் மூத்தது. 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் ஆய்வுக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை உருவாக்கினார். திரையில் ஒளிப்பேனாவை வைத்து வரைகிற ஏற்பாடு அது. பேனா ஒரு கோட்டுக்கோ புள்ளிக்கோ பக்கத்தில் வந்தாலே, அதன்மேல் துல்லியமாக வைத்ததாகவே நிரல் எடுத்துக்கொள்ளும். கை நடுங்கத்தான் செய்யும் என்று முதல் நாளிலேயே தெரிந்திருக்கிறது.

முனை என்றால் எண்ணை எடுத்தால் போதும், நடுப்புள்ளி என்றால் இரண்டைக் கூட்டி இரண்டால் வகுத்தால் போதும், இரண்டு கோடுகள் வெட்டும் இடத்துக்குச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். இவையெல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான். எனக்குப் பிடித்தது டேன்ஜென்ட். இரண்டு வட்டங்களைத் தொட்டுச் செல்லும் ஒரு கோடு வேண்டும், கப்பியில் பெல்ட் ஓடுகிற மாதிரி. முதல் வட்டத்தில் க்ளிக் செய்கிறீர்கள். ஆனால் கோடு எங்கே போய் முடியப் போகிறது என்று தெரியாமல் எந்தப் புள்ளியில் தொடும் என்று சொல்லவே முடியாது. அதனால் மென்பொருள் புள்ளியைக் குறிக்காமல், ‘இந்த வட்டத்தைத் தொட வேண்டும்’ என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். இரண்டாவது வட்டத்தையும் காட்டிய பிறகுதான் இரு முனைகளையும் ஒன்றாகக் கணக்கிடும். ஒன்றையொன்று தொடாமல் தள்ளி நிற்கும் இரண்டு வட்டங்களுக்கு இப்படி நான்கு கோடுகள் போடலாம். நான்கில் எது வேண்டும் என்பதை, வட்டத்தின் எந்தப் பக்கத்தில் க்ளிக் செய்தீர்கள் என்பதிலிருந்து ஊகித்துக்கொள்கிறது. நேரான பெல்ட்டுக்குப் பதில் குறுக்குப் பெல்ட் வந்து நின்றால் காரணம் அதுதான், க்ளிக்கை மறுபக்கம் மாற்றிப் பாருங்கள்.

நியரஸ்ட் என்று ஒரு ஸ்னாப் வகை இருக்கிறது, அதை மட்டும் எப்போதும் போட்டு வைக்காதீர்கள். புள்ளி கோட்டின்மேல்தான் விழும், ஆனால் கோட்டில் எந்த இடம் என்பதை மறுபடியும் உங்கள் கைதான் தீர்மானிக்கும். முனைக்குக் கொஞ்சம் தள்ளி அது பிடித்துக்கொண்டால் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. எல்லா ஸ்னாப்பையும் ஒன்றாக டிக் செய்து வைப்பதும் இதே கதைதான். நான் முனை, மையம், வெட்டும் புள்ளி மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். மற்றது தேவைப்படும்போது ஷிஃப்டை அழுத்தி வலது க்ளிக் செய்தால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் கிடைக்கும். நெரிசலான இடத்தில் வேறு எதையோ பிடித்துக்கொண்டால் டேப் விசையைத் தட்டத் தட்ட, அடுத்தடுத்த புள்ளிக்கு மாறும்.

அப்புறம், சரியாக வந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கும்போதும் ஸ்னாப் போட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அளப்பது கோட்டை அல்ல, உங்கள் மவுஸை. கூடவே தசம இலக்கங்களையும் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்ஜியம் இலக்கத்தில் விட்டிருந்தால் 3000.04 என்பதை அது 3000 என்றே காட்டும்.