சர்க்கரை இறங்கினால் போதுமா?

டயபடிக் கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் குறைந்து ரத்தம் அமிலமாகும் நீரிழிவுச் சிக்கல்) நோயாளிக்கு இன்சுலின் டிரிப் ஓடுகிறது. நள்ளிரவில் குளுக்கோமீட்டர் 190 காட்டுகிறது. "சுகர் நார்மலாயிடுச்சு" என்று டிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள். விடிவதற்குள் அவருக்கு மறுபடியும் வாந்தி, ஆழமான வேக மூச்சு. வார்டில் அடிக்கடி பார்க்கும் தவறு இது.

இன்சுலின் அறவே குறையும்போது கொழுப்புத் திசு கட்டுப்பாடில்லாமல் கரைகிறது. அந்தக் கொழுப்பு அமிலங்களைக் கல்லீரல் கீட்டோன்கள் என்ற அமிலப் பொருட்களாக மாற்றி ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தம் அமிலமாவது இதனால்தான். சர்க்கரை செய்யும் கேடு வேறு: சுமார் 180-ஐத் தாண்டியதும் சிறுநீரில் வழிந்து, தண்ணீரையும் உப்புகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. பெரியவர்களுக்கு 6 லிட்டர் வரைகூட நீரிழப்பு இருக்கும். அதனால் முதல் மருந்து சலைன்தான், இன்சுலின் அதற்கு அடுத்தது. சிகிச்சையில் சர்க்கரை சீக்கிரம் இறங்கும். கீட்டோன் அடங்கப் பல மணி நேரம் கூடுதலாக ஆகும். மீட்டர் 250-க்குக் கீழே வந்தால் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸை (குளுக்கோஸ் டிரிப்) சேர்த்து, மருத்துவர் உத்தரவுப்படி இன்சுலின் வேகத்தைப் பாதியாக்கித் தொடர வேண்டும். நிறுத்தக் கூடாது.

அந்த ஆழமான மூச்சு, அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியே தள்ள உடல் எடுக்கும் முயற்சி. நெஞ்சில் விசில் சத்தம் இல்லை, ஆக்சிஜன் அளவு 98 என்றால் நெபுலைசர் வைத்து என்ன பயன்? அதில் வைக்கும் சால்பூட்டமால் மருந்து ரத்தத்தில் பொட்டாசியத்தை இன்னும் இறக்கிவிடும். வயிற்றுவலியையும் வாந்தியையும் கேஸ் தொல்லை என்று எழுதி, ஊசி போட்டு அனுப்புவதும் இதே ரகம்.

உயிரைப் பறிக்கும் கண்ணி பொட்டாசியத்தில் இருக்கிறது. உடலின் மொத்த இருப்பில், எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லி ஈக்விவலென்ட் (உப்புகளை அளக்கும் அலகு) சிறுநீரில் போயிருக்கும். ஆனால் இன்சுலின் இல்லாததால் செல்லுக்குள் இருந்தது ரத்தத்துக்கு வந்து, லேப் ரிப்போர்ட் 5.2 என்று சாதுவாகக் காட்டும். இன்சுலின் ஏறியதும் அது செல்லுக்குள் திரும்ப ஓடும். ரத்தத்தில் மளமளவென்று சரியும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். முதல் ரிப்போர்ட்டிலேயே 3.5-க்குக் கீழே இருந்தால், பொட்டாசியம் ஏறும்வரை இன்சுலின் தொடங்கக் கூடாது. தொடங்கிய பிறகு இரண்டு மணிக்கொரு முறை பார்க்க வேண்டும், சிறுநீர் போகிறதா என்பதையும் சேர்த்து. 10 மில்லி பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலென்ட் இருக்கிறது. அதை நேரடியாக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். தொங்கும் பாட்டிலில் சேர்ப்பதும் ஆபத்துதான்: கனமான மருந்து அடியில் தங்கி முதலில் இறங்கும். பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பல முறை தலைகீழாகத் திருப்பிக் கலக்கிய பிறகே மாட்ட வேண்டும்.

இன்சுலின் கலப்பதிலும் ஒரு பொறி. நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு. 50 யூனிட் என்பது முதலாவதில் 1.25 மில்லி, இரண்டாவதில் 0.5 மில்லி. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். சாதாரண ரெகுலர் இன்சுலின் 50 யூனிட்டை மொத்தம் 50 மில்லி வரும்படி சலைனில் கலந்தால், மணிக்கு கிலோவுக்கு 0.1 யூனிட் கணக்கில் 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 6 மில்லி. இன்சுலின் பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கலந்த மருந்தில் கொஞ்சத்தைக் குழாய் வழியே ஓட்டிக் கொட்டிவிட்டு நோயாளிக்கு இணைப்பது நல்லது.

சிறுநீர் கீட்டோன் பட்டையை நம்பி முன்னேற்றத்தை அளக்காதீர்கள். இந்த நோயில் மிகுந்திருக்கும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற கீட்டோனை அது காட்டாது. குணமாகும்போது இந்தக் கீட்டோன், பட்டை காட்டக்கூடிய அசிட்டோஅசிடேட்டாக மாறுவதால், தேறிவரும் நோயாளிக்குப் பட்டையின் நிறம் அடர்த்தியாகவும் கூடும். ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 18-ஐத் தொட்டதா, அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். 7.3-ஐ எட்டியதா என்று பாருங்கள். சாப்பிடத் தொடங்கியதும் தோலடி நீள்செயல் இன்சுலினைப் போட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தே டிரிப்பைக் கழற்ற வேண்டும். நரம்பில் போன இன்சுலின் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். சர்க்கரையை இம்மாத்திரைகள் சிறுநீரில் கழித்துவிடுவதால் மீட்டர் 170 காட்டும்போதே ரத்தம் அமிலமாகியிருக்கலாம். காய்ச்சல், பட்டினி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் இவர்கள் வாந்தியோடு வந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் ரத்தக் கீட்டோனும் ரத்த வாயுப் பரிசோதனையும் அனுப்புங்கள்.