வத்தி வைக்கிறவனுக்கு என்ன பெயர்?

"எம்மா, அண்ணன் கடலாண்ட போய் வந்துச்சும்மா!" ராயபுரத்தில் எங்கள் தெருவில் இந்தக் குரல் எழுந்தால் யாருக்கோ அடி நிச்சயம். காசிமேட்டில் குளித்துவிட்டு, தலையைக் காயவைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருக்கும். "வத்தி வச்சிட்டியாடா?" என்று மறுநாள் சண்டை.

வத்தி, வர்த்தி என்ற வடசொல்லின் திரிபு. திரி என்று பொருள். ஊதுவத்தி, மெழுகுவத்தி எல்லாம் இதிலிருந்து வந்தவைதான். எங்கள் பக்கம் தீப்பெட்டிக்கே வத்திப்பெட்டி என்றுதான் பெயர். வெடியின் திரியில் நெருப்பை வைத்துவிட்டு ஓடிவிடுவோம், வெடிப்பது அப்புறம். வத்தி வைக்கிறவனும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். வெடிப்பது வீட்டுக்குள். பத்த வைப்பதும் இதேதான். போட்டுக் கொடுப்பது, மாட்டி விடுவது என்றும் சொல்வோம், ஆனால் அவற்றில் இந்தச் சூடு இல்லை.

நல்ல தமிழில் கோள்சொல்லி, கோள்மூட்டி. சுடு நீண்டு சூடு ஆனதுபோல கொள் நீண்டு கோள் ஆனது. எனக்குப் பிடித்தது அந்த 'மூட்டி'. அடுப்பை மூட்டுகிறோம், தீ மூட்டுகிறோம். ஆக, வடசொல்லை எடுத்தாலும் தமிழ்ச்சொல்லை எடுத்தாலும் நெருப்புதான் வருகிறது.

கோளுக்கு இலக்கியத்தில் குறளை என்றும் பெயர் உண்டு. கொன்றைவேந்தனில் ஔவை, 'கோட்செவிக் குறளை காற்றுடன் நெருப்பு' என்கிறார். கோள் கேட்கிற காதில் விழும் குறளை, காற்றோடு சேர்ந்த நெருப்பு. சொல்கிறவனை மட்டும் அவர் குற்றம் சொல்லவில்லை, கேட்கிற காதையும் சேர்த்துத்தான் சொல்கிறார். என்ன ஏது என்று விசாரிக்காமல் துடைப்பத்தைத் தூக்கும் அம்மாவும் அதில் வருகிறார்.

சரி, யாரைக் கோள்சொல்லி என்பது? அடி வாங்கித் தர வேண்டும், இரண்டு பேரைப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு சொன்னால்தான் அது கோள். ஒருமுறை பையன் ஒருவன் பாறையைத் தாண்டிப் போய் அலையில் சிக்கியபோது, ஒரு சின்னப் பெண்தான் ஓடி வந்து பெரியவர்களிடம் சொன்னாள். அவனை இழுத்துப் போட்டார்கள். எங்கள் எல்லோருக்கும் செம அடி. அதற்காகப் பல மாதம் அவளை 'வத்தி' என்றே கூப்பிட்டோம். அந்தச் சொல் அவளுக்குப் பொருந்தவே பொருந்தாது.