மாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏன்?

1993 தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் நான்கில், அரைகுறையாக வெந்த ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு இரத்தமாக வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. 700 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். நான்கு குழந்தைகள் பிழைக்கவில்லை. காரணம் ஈ.கோலை ஓ157:எச்7 என்ற பாக்டீரியா. மாட்டின் வயிற்றிலிருந்து வந்தது. ஆனால் அதைச் சுமக்கும் மாடு நன்றாகத் தின்று, அசைபோட்டு, கொழுகொழுவென்றுதான் இருக்கும்.

மாட்டின் வயிறு என்றதும் தீவனம் புளிக்கும் பெரிய முதல் இரைப்பைதான் நினைவுக்கு வரும். இந்தக் கிருமி முக்கியமாகக் குடியிருப்பது அங்கே இல்லை, மலக்குடலின் கடைசிச் சில சென்டிமீட்டரில். அங்கே ஒட்டிக்கொள்ள அது செய்யும் வேலையைப் பாருங்கள். ஊசி போன்ற நுண்குழாயால் குடல் செல்லுக்குள் தன்னுடைய புரதம் ஒன்றைச் செலுத்துகிறது. அது செல்லின் மேற்பரப்பில் வந்து பதிகிறது. அப்புறம் கிருமி அந்தப் புரதத்தையே பிடிமானமாகக் கவ்விக்கொள்கிறது. பூட்டையும் சாவியையும் தானே கொண்டுவருகிறது! அடியில் செல் ஒரு சின்னப் பீடம்போல எழும்பி அதைத் தாங்குகிறது. வெளியேறும் சாணம் இந்த இடத்தை உரசிக்கொண்டு போவதால், கிருமிகளையும் அள்ளிக்கொண்டு போகிறது.

சரி, மாடு ஏன் தப்பிக்கிறது? இந்தப் பாக்டீரியா சுரக்கும் ஷிகா நச்சு செல்லுக்குள் நுழைய ஜிபி3 என்ற கொழுப்பு மூலக்கூறு வேண்டும். மாட்டின் குடல் இரத்தக் குழாய்களில் அது இல்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய வழியே இல்லை. நம் சிறுநீரகத்தின் நுண் இரத்தக் குழாய்களிலோ அது நிறைய இருக்கிறது. உள்ளே நுழைந்த நச்சு, செல்லின் புரதத் தயாரிப்பையே நிறுத்திவிடுகிறது. நுண் இரத்தக் குழாய்கள் சிதைந்து, இரத்தம் உறைந்து அடைக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சிறுநீரகமே செயலிழக்கும் ஆபத்து அதிகம். இதற்கு நூறு கிருமிகள்கூடத் தேவையில்லை என்பதுதான் என்னை உலுக்குகிறது.

தோலில் காய்ந்த சாணம், மாட்டை அறுத்து உரிக்கும்போது கறியின் மேல்பரப்பில் படுகிறது. முழுத்துண்டாக வாட்டினால் மேலே இருப்பது செத்துவிடும். கொத்துக்கறியில் அப்படி இல்லை, அரைக்கும்போது மேலே இருந்தது நடுவுக்குப் போய்விடுகிறது. 1994-இல் அமெரிக்க வேளாண் துறை, இந்தக் கிருமி உள்ள கொத்துக்கறியைக் கலப்பட உணவாகவே அறிவித்தது. வேகும்போது நிறம் மாறியதை வைத்து முடிவுசெய்யக் கூடாது. கறியின் நடுவே வெப்பமானியைக் குத்தினால் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.