சி3 குறைந்தால் எதிர்ப்புச் சக்தி இல்லையென்று அர்த்தமா?

"என்ட புள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையாமே, மெய்யா மிஸ்?"

வாழைச்சேனையிலிருந்து வந்த தாய் ஒருவர், மட்டக்களப்பில் எங்கள் ஆய்வுகூட யன்னலடியில் நின்று கேட்டார். ஏழு வயது மகனுக்குக் காலில் வந்த சிரங்கு ஆறி மூன்று கிழமை. இப்போது முகம் வீக்கம், சிறுநீர் கடும் பிளேன்டீ நிறம். அறிக்கையில் சி4 சரி. சி3 மட்டும் 38. வழமையாக டெசிலீட்டருக்கு 90 முதல் 180 மில்லிகிராம் இருக்கவேண்டும்.

சி3, சி4 இரண்டும் கிருமியை எதிர்க்கும் கொம்ப்ளிமெண்ட் என்ற புரதக் கூட்டத்தைச் சேர்ந்தவை. சி3 பெரும்பாலும் ஈரலில் உருவாகி இரத்தத்தில் ஓடுகிறது. கிருமியைக் கண்டதும் இரண்டாக வெட்டுப்படும். சிறு துண்டு சி3ஏ அழற்சியைக் கிளப்பும். பெரிய துண்டு சி3பி கிருமியில் ஒட்டிக்கொண்டு, விழுங்கும் அணுக்களுக்கு அதைக் காட்டிக்கொடுக்கும். அதுவும் நறுக்கப்பட்டு சி3டி ஆனபின், பிறபொருளெதிரி செய்யும்படி பி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களை உந்தும். இந்தப் பிள்ளைக்குச் சிரங்குக் கிருமியோடு நடந்த சண்டை சிறுநீரக வடிகட்டிகளிலும் தொடர்ந்ததால் சி3 செலவாகிக்கொண்டிருந்தது. எதிர்ப்புச் சக்தி இல்லாததால் குறையவில்லை, செலவானதால்தான் குறைந்தது என்று தாய்க்குச் சொன்னேன். அநேகமாக ஆறு முதல் எட்டுக் கிழமையில் அளவு மீளும். மீளாவிட்டால் வேறு சிறுநீரக நோயைத் தேடவேண்டும். சி3, சி4 இரண்டும் சேர்ந்து குறைந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயையும் யோசிப்போம்.

சி3இன் மொத்த அளவை, இரத்தம் உறைந்தபின் பிரியும் நீரான சீரத்திலேயே பார்க்கலாம். சி3ஏ, அதே கூட்டத்துச் சி5 புரதத்தின் சி5ஏ போன்ற துண்டுகளை, பிறபொருளெதிரியைக் கொண்டு அளக்கும் எலைசா முறையில் அளப்பதுதான் சிக்கல். இரத்தம் உறையும்போது ரியூபுக்குள்ளேயே புதிய துண்டுகள் உண்டாகும். நோயாளியின் உடலில் இல்லாத அளவு அறிக்கையில் ஏறிவிடும். அதனால்தான் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ மருந்திட்ட ஊதா மூடி ரியூபில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, குளிரிலேயே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, மைனஸ் 70 பாகையில் உறையவைக்கிறோம். ஒருமுறை சி5ஏக்கான ரியூபை ஷொப்பிங் பையில் சுற்றி ஒரு தகப்பன் கொண்டுவந்தார். ஐஸ் உருகி, ரியூப் என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. ஏற்க மறுத்தேன். விடியற்காலை பஸ் ஏறி வந்தவர் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயம். எப்படிக் கொண்டுபோவதென்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. இப்படியான பரிசோதனை எழுதப்பட்டால், இரத்தம் எங்கே எடுப்பார்கள், எப்படி அனுப்புவார்கள் என்று முதலில் கேளுங்கள்.

எட்டாம் கிழமை அந்தச் சிறுவன் வந்தான். சி3 112. தாய் பழைய அறிக்கையையும் மடித்துக் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் டொக்டர், சிறுநீரகத்தில் சிறு துண்டெடுத்துப் பார்க்கும் பயொப்சி வேண்டாம் என்றார்.