கொக்கியைத் தரையிலேயே மாட்டுங்கள்

தை பிறந்து ஏற்காட்டில் மிளகு பறிப்பு சூடுபிடித்தால், மிளகுக் கொடி படர்ந்த மரத்திலிருந்து விழுந்தவர்களை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வருவார்கள். சேலத்தில் எலும்பு முறிவு மருத்துவராக வருடாவருடம் இதைப் பார்க்கிறேன். போன பறிப்பில் வந்த ஒருவரை மறக்கவே முடியவில்லை.

நாற்பது வயதிருக்கும். இடுப்பில் கட்டிய கயிறு அப்படியே இருந்தது. அதன் நுனியில் கொக்கி, நல்ல கனமான இரும்புக் கொக்கி. சட்டைப் பையில் ஒரு பச்சை மிளகுச் சரம் நசுங்கிக் கிடந்தது.

"கயிறு கட்டியிருந்தீங்களே அண்ணே, அப்புறம் எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"மேல போய்த்தானுங்க சார் கொக்கி மாட்டுவோம். ஏணியில இருந்து கிளைக்குக் கால் மாத்துனேன், பனி ஈரத்துல வழுக்கிருச்சுங்க."

இருபது அடி உயரம். அங்கிருந்து தரைக்கு வர ஒரு நொடியும் கொஞ்சமும்தான் ஆகும். தரையில் மோதும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். கால் முதலில் ஊன்றியதால் குதிகால் இரண்டும் உடைந்திருந்தன. அந்த அதிர்ச்சி அப்படியே மேலேறி, விலாவெலும்புகள் முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் முதுகெலும்பை நொறுக்கியிருந்தது. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்து வருபவருக்கு முதுகையும் சேர்த்தே நாங்கள் படம் எடுப்பது இதனால்தான். அவருக்குத் தொடைக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீருக்குக் குழாய் போட வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் பரண் கட்டி உட்காருவார்கள். நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பரணிலிருந்து விழும் அவர்களுக்கும் இதே குதிகால், இதே முதுகெலும்புதான் உடைகிறது. பரணில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அல்ல, ஏறும்போதும் இறங்கும்போதும் ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். அதனால் கால் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை கயிற்றோடு இணைந்தே இருக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் மிளகு மரத்துக்கும் இதே பாடம்தான்.

எப்படிச் செய்வது? சிறிய மணல் பையை மெல்லிய கயிற்றில் கட்டிக் கீழிருந்தே வீசி, தண்டு பிரியும் வலுவான கவட்டையில் விழச் செய்ய வேண்டும். மிளகுக் கொடி படரும் சில்வர் ஓக் மரத்தின் கிளை சட்டென முறியும் ஜாதி, அதனால் ஒல்லிக் கிளையை நம்பாதீர்கள். அந்த மெல்லிய கயிற்றின் நுனியில், மரம் ஏறுவதற்கென்றே செய்த தடித்த கயிற்றைக் கட்டி மேலே இழுத்து, அசையாமல் கட்டிவிடலாம். கிணற்றுக் கயிறு இதற்கு ஆகாது. தடித்த கயிற்றின்மேல் அதைவிட மெல்லிய கயிற்று வளையத்தை மூன்று சுற்று சுற்றி உள்ளே நுழைத்து இழுத்தால் ஒரு முடிச்சு விழும். புரூசிக் முடிச்சு என்பார்கள். கையால் தள்ளினால் நழுவும், ஆளின் எடை விழுந்தால் கவ்விப் பிடிக்கும். தரையில் நிற்கும்போதே உங்கள் கொக்கியை அந்த வளையத்தில் மாட்டிவிட வேண்டும். ஏறஏற அந்த முடிச்சைத் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும், தொய்வு விடக் கூடாது. தெரிந்தவரிடம் கற்று, முதலில் இரண்டடி உயரத்தில் தொங்கிப் பழகுங்கள்.

இடுப்புக் கயிறு மட்டும் போதாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். விழும்போது அது வயிற்றை இறுக்கி ஆளை இரண்டாக மடக்கிவிடும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். ஒருமுறை ஆளைத் தாங்கிப் பிடித்த ஹார்னஸ் மறுபடி உதவாது. பார்க்கப் புதிதாக இருந்தாலும் வெட்டி எறிந்துவிடுங்கள்.

"இதெல்லாம் மாட்டினால் வேகம் குறையும்" என்பார்கள். உண்மைதான். கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. ஹார்னஸ் வாங்கித் தருவதோடு, அதை மாட்டும் நேரத்துக்கும் கூலி தருவது தோட்டக்காரரின் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

தனியாக மட்டும் ஏறாதீர்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் தொடைப் பட்டை அழுத்தி ரத்தம் காலிலேயே தேங்கும், சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். உதவி வரும்வரை காலை உதைத்து அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சீக்கிரம் கீழே இறக்க வழி தெரிந்த ஆள் மரத்தடியில் இருக்க வேண்டும்.

விழுந்தே விட்டால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் தலை, முதுகு, இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து உருட்டிப் பலகையில் கிடத்துங்கள். அந்த அண்ணனை ஜீப்பின் பின்சீட்டில் உட்கார வைத்தே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்கியிருந்தார்கள். ஜீப்பில் ஏற்றும்போது கால் விரல் அசைந்தது, அடிவாரம் வந்தபோது அசையவில்லை என்று கூட வந்த அவர் தம்பி சொன்னார்.