கிணற்றில் படலம் தெரிந்தால்

கொழும்பை ஒட்டிய கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் கிணறு பார்க்கப் போனால், வீட்டுக்காரர் முதலில் காட்டுவது தண்ணீர்மேல் மினுங்கும் படலத்தைத்தான். "ஒயில் இறங்கிட்டுது போல, சேர்" என்பார்கள். பல நேரம் அது ஒயிலே இல்லை. நம் கபுக் மண்ணில், அதாவது செம்புரைக்கல் மண்ணில், இரும்பு அதிகம். அந்த இரும்பில் வளரும் பக்டீரியாவும் இப்படித்தான் படலம் கட்டும். ஓர் ஈர்க்கை விட்டுக் கலைத்துப் பாருங்கள். சில்லுசில்லாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புப் படலம். விலகி, உடனே திரும்பச் சேர்ந்துகொண்டால் எண்ணெய்.

படலம் இல்லையென்றால் பயமில்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெற்றோலில் உள்ள பென்சீன் தண்ணீரில் கரையும். இரத்தப் புற்றுநோயைத் தரக்கூடியது. குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்த அளவு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கொதிக்கவைத்துக் குடித்தால் சரி என்று நினைக்கவும் வேண்டாம். கிருமி சாகும், பென்சீன் ஆவியாகிச் சமையலறைக்குள் பரவும், கனமான எண்ணெய் பானையிலேயே தங்கும். குளோரினாலும் இது போகாது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெய் கலந்து கிணறுகள் கெட்ட வழக்கில் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. கொழும்பிலோ கராஜ்கள் வீடுகளோடு ஒட்டியே இருக்கின்றன. ஒயில் சிந்தினால் சவர்க்காரத் தூளைப் போட்டு ஹோஸ் பைப் அடிக்கிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். சவர்க்காரம் ஒயிலைப் பொடித்துளியாக்கி மண்ணுக்குள்ளும் கானுக்குள்ளும் அனுப்பிவிடும். மரத்தூளைக் கொட்டி, ஊறவிட்டு, கூட்டி அள்ளி, மூடியுள்ள பீப்பாயில் போடுங்கள்.

டீசல் ஊறிய மண்ணை மீட்கலாம். தோண்டி, தடித்த பொலித்தீன் விரிப்பில் பரப்பி, கூட்டெரு, தும்புத்தூள், கொஞ்சம் யூரியா கலந்து, ஈரம் காயாமல் வைத்து, அடிக்கடி புரட்டிவிட வேண்டும். மழைக்கு மேலே தார்ப்பாய் அவசியம். டீசலைத் தின்னும் பக்டீரியா பெரும்பாலும் மண்ணிலேயே இருக்கிறது. அதற்குக் காற்றும் நைதரசனும்தான் போதாமல் இருக்கும். ஆகவே நுண்ணுயிர்ப் பொடி என்று விலைக்கு வருவதை வாங்க அவசரப்படாதீர்கள். மாதக்கணக்கில் ஆகும், இடையில் மண்ணைச் சோதிக்கவும் வேண்டும். எஞ்சின் கழிவொயில் வேறு கதை. அதிலுள்ள ஈயம், துத்தநாகத்தை எந்தப் பக்டீரியாவும் தின்று தீர்க்காது. அந்த மண்ணை வீட்டுத்தோட்டத்தில் கொட்டவே கூடாது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

சந்தேகமுள்ள கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க, போத்தலை ஆய்வுகூடத்திலேயே கேட்டு வாங்குங்கள். கண்ணாடிப் போத்தலாக இருக்க வேண்டும். காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். முடிவு வரும்வரை அந்தக் கிணற்றில் குடிக்கவோ சமைக்கவோ அள்ளாதீர்கள்.