நிற்கும் வரைபடத்திலிருந்து உட்கார்ந்த மரச்சிலை: அளவு, நார், ஈரம்

கொலுப்படியில் கடைவிரித்துச் சம்மணமிட்டிருக்கும் செட்டியாரும் ஆச்சியும் பெரும்பாலும் மண்ணிலோ காகிதக் கூழிலோ செய்தவர்கள். அவர்களைச் சிறியதாக மரத்தில் செதுக்க நினைத்தால் முதலில் வரைபடம்தான் இடிக்கும். கிடைப்பவை அநேகமாக நிற்கும் உருவங்கள், அல்லது பெரிய அளவுக்கு வரைந்தவை. நகல் இயந்திரத்தில் சுருக்கிக்கொண்டால் போதும் என்று தோன்றும். ஆனால் காகிதத்தில் உருவம்தான் சுருங்குகிறது. மரத்தின் நாரும், உளியின் முனையும், உங்கள் பெருவிரலின் அழுத்தமும் அப்படியே இருக்கின்றன.

ஒரு கணக்கைப் பாருங்கள். 56 விழுக்காட்டுக்குச் சுருக்கினால் 12 மி.மீ. கனமுள்ள கை 6.7 மி.மீ. ஆகும். வளைவைத் தாங்கும் வலு கனத்தின் மும்மடியை (கனம் × கனம் × கனம்) பொறுத்தது. ஆக அது 18 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கையின் நீளமும் குறைவதால் கொஞ்சம் ஈடாகும். அப்படியும், நுனியில் அழுத்தி ஒடிக்கத் தேவையான விசை பழையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. கத்தியைத் தள்ளும் விசையோ குறைவதில்லை. அதனால் சிறிய உருவத்தில் தனித்து நிற்கும் கை, கைத்தடி, விரல் எதுவும் வேண்டாம். கையை வயிற்றோடும் தொடையோடும் ஒட்டியே விடுங்கள். நடுவே துளைக்காமல், 2 மி.மீ. 'வி' உளியால் ஆழமாக ஒரு கோடு இழுத்தால் விழும் நிழலே இடைவெளியாகத் தெரியும்.

உட்கார வைப்பதற்கு நம் சிற்பிகளின் தாலக் கணக்கு மிகவும் உதவும். முகத்தைப்போல் ஒன்பது மடங்கு உயரம் கொண்ட நவதாலத்தில் முழு உயரம் 108 அங்குலம். இது அடிக்கோலின் அங்குலம் அல்ல, முகத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு. முகம் 12, கழுத்து 4, அங்கிருந்து மார்பு வரை 12, தொப்புள் வரை 12, இடுப்பின் அடி வரை 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4. சம்மணமிட்டவருக்கு முதல் ஐந்து மட்டுமே உயரத்தில் சேரும்: 52 அங்குலம். ஓர் அங்குலத்தை 1.5 மி.மீ. என்று வைத்தால் உயரம் 78 மி.மீ. விரிந்த தொடைகளால் முழங்காலுக்கு முழங்கால் 56 அங்குலம், அதாவது 84 மி.மீ. வரும். முதுகிலிருந்து மடித்த கால்களின் முன்விளிம்பு வரை 32 அங்குலம், அதாவது 48 மி.மீ. அடிக்கோல் அங்குலத்தில் இரண்டுக்கு நாலு அளவுள்ள இழைக்காத சட்டத்தில் இது அடங்கிவிடும்.

இந்த அளவில் முகம் 18 மி.மீ. தான். கண்ணுக்கு 3 மி.மீ. கிடைக்கும்; அதற்குள் இமை வெட்ட இடம் இருக்காது. எனவே முகத்தை மட்டும் 15 அங்குலமாக, 22.5 மி.மீ. ஆக்குங்கள். அதைத் தாண்டிப் பெரிதாக்கினால் செட்டியார் பிள்ளையாகிவிடுவார், ஏனென்றால் உடம்போடு ஒப்பிட்ட தலையின் அளவை வைத்துத்தான் நம் கண் வயதைக் கணிக்கிறது.

முதுகில்தான் பலரும் தவறுகிறார்கள். நிற்கும்போது இடுப்புக்கு மேலே முதுகு உள்நோக்கி வளையும். உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு பின்னால் சாய்வதால் அந்த வளைவு நிமிர்ந்துவிடும், வயிறு மடியும், தலை சற்று முன்னே வரும். நிற்கும் படத்தின் பக்கவாட்டுக் கோட்டை அப்படியே பயன்படுத்தினால், காலை வெட்டிவிட்டுத் தரையில் வைத்த ஆள்போல இருக்கும். கீழ்முதுகை நேராக்கி, தலையை 3 மி.மீ. முன்னே தள்ளி வரையுங்கள்.

மர நாரின் ஓட்டம் செங்குத்தாகவே இருக்கட்டும். நாருக்குக் குறுக்கே இழுத்தால் மரத்தின் வலு, நார்வாக்கில் உள்ளதில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். கிடைமட்டமாக வைத்தால் முழங்கால்கள் வலுப்படும், ஆனால் கழுத்து குறுக்கு நாராகித் தலை பிளந்து விழும். செங்குத்தில் அந்த ஆபத்து முழங்காலுக்கு மாறுகிறது. அதைச் சமாளிப்பது எளிது: முழங்காலின் கீழே குடையாமல், ஒரு ஜமக்காளமாக அடிப்பலகையோடு சேர்த்தே விட்டுவிடலாம். கால்விரல்களை 2 மி.மீ. புடைப்பாகக் காட்டினால் போதும். ஆச்சி இன்னும் சுலபம். சேலைக் கொசுவம் மடி முழுவதையும் ஒரே கட்டியாக மூடிவிடும்.

பினாங்கில் ஜெலுத்தோங் என்றால் ஊர்ப்பெயராகவே பலருக்கும் பழக்கம். ஒரு காலத்தில் மெல்லும் கோந்துக்காகப் பால் இறக்கிய அந்த மரம்தான் இந்த வேலைக்கு ஏற்றது. மென்மையான மரம், சீரான நார், கத்திக்கு எளிதில் இணங்கும். பால் ஓடிய தடங்கள் மட்டும் பலகையில் வில்லை வடிவ ஓட்டைகளாகத் தெரியும். அவை ஆங்காங்கே கூட்டமாக வருவதால் 10 செ.மீ. துண்டை இடையில் பார்த்து எடுப்பது கடினமில்லை. ஈரத்தில் நீலப் பூஞ்சை சீக்கிரம் படியும். அதனால் மழையில் கிடந்த பலகையைத் தவிர்க்கவும்.

ஈரம் வேறு விதமாகவும் தொல்லை தரும். 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள நம் காற்றில் திறந்த தாழ்வாரத்தில் கிடக்கும் மரம் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரோடு நிலைக்கும். ஏர்கோன் அறையில் அது 11 வரை இறங்கலாம். அந்த ஐந்து புள்ளி வித்தியாசத்தில் ஜெலுத்தோங் வளையங்களின் போக்கில் சுமார் 1 விழுக்காடு சுருங்கும்: 84 மி.மீ. அகலத்தில் 0.8 மி.மீ. ஆரப் போக்கில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி, அதில் பாதிகூட இல்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் வெடிப்பை உண்டாக்குகிறது. மரத்தின் நடுக்குருத்து உள்ள துண்டு வெடிக்காமல் இருப்பது அபூர்வம். அறுத்த கட்டையைக் கொலு வைக்கப்போகும் அறையிலேயே சில வாரம் போட்டுவைத்துப் பிறகு செதுக்குங்கள்.

அறுப்பதற்கு முன் கட்டையின் அகலமான முகத்தில் முன்தோற்றம், ஒடுங்கிய முகத்தில் பக்கத்தோற்றம், இரண்டுக்கும் ஒரே அடிக்கோடு. முகவாய், தோள், முழங்கை, முழங்கால் உயரங்களை மூலைமட்டத்தால் இரு முகத்திலும் தொடர்ந்து இழுங்கள். ஒன்று 1 மி.மீ. விலகினாலும் தோள் கோணும். பிடிமானத்துக்கு அடியில் 20 மி.மீ. கூடுதலாக விடவும். கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. தள்ளிப் பக்கத்தோற்றத்தை முதலில் அறுத்து, வெட்டிய துண்டுகளை மாஸ்கிங் டேப்பால் மீண்டும் ஒட்டிவிட்டு முன்தோற்றத்தை அறுங்கள். ஒட்டாவிட்டால் கட்டை ரம்ப மேசையில் ஆடும், வரைந்த கோடும் போய்விடும்.

நிற்கும் உருவத்துக்கு இந்த இரண்டு தோற்றங்கள் போதும். சம்மணமிட்டவருக்குத் தொடைகள் இரண்டு முகங்களுக்கும் நடுவே கோணலாகப் போகின்றன. எந்தப் படத்திலும் அவற்றின் உண்மையான நீளம் தெரியாது. மூன்றாவதாக, மேலிருந்து பார்க்கும் தோற்றத்தைக் கட்டையின் அடியில் வரைந்துகொள்ளுங்கள். பின்பக்கத்து இரு மூலைகளையும், முதுகிலிருந்து முழங்காலுக்குப் போகும் சாய்வுக்கோட்டில் கைரம்பத்தால் வெட்டி நீக்கினால் மடி உடனே புலப்படும். அதன் பிறகுதான் கத்தி. பிடிக்கும் கைக்கு வெட்டுத்தாங்கும் கையுறை கட்டாயம். கழுத்தைக் கடைசிவரை தடிமனாக வைத்திருங்கள். தலையைப் பற்றித் திருப்பும் ஒவ்வொரு முறையும் சுமை அங்கேதான் விழும்.

செதுக்கி முடித்ததும் பிடிமானத் துண்டை அறுத்துவிட்டு, அடியிலிருந்து 16 மி.மீ. துளைமுனையால் 40 மி.மீ. ஆழம் துளையிடுங்கள். இடுப்பும் வயிறும்தான் மிகக் கனமான பகுதி. நடுவே மரம் குறைந்தால் உள்ளும் புறமும் சேர்ந்து உலரும். நார்முனை தெரியும் அந்த அடிப்பாகம் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை உறிஞ்சும், விடும். துளையின் உட்சுவர் உட்பட அடி முழுவதற்கும் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகே வேட்டிக்கு வெள்ளை வண்ணம் எடுங்கள்.